ரோட்டு லூயிஸுக்கு முதல் தோள்

செய்தி எங்கள் ஊர் ரிட்கெலினுக்கு வந்தது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு. எங்கள் வீட்டுக்கு வந்தது பதினொன்று ஐம்பதுக்கு. நடுவில் இருந்த அரை மணி நேரம் அது வேறொரு பெண்ணுடையதாக இருந்தது.

ஊருக்கு எந்த அவசரமும் கடைக்கார லெய்சாவின் தொலைபேசியில்தான் வரும். டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசியவள் இங்கிலீஷில் வேகமாகப் பேசினாளாம். ரிட்கெலினைச் சேர்ந்த இட்ரிஸ் லூயிஸ், கொண்டுவரும்போதே உயிர் இல்லை, வீட்டாருக்குத் தெரிவிக்கவும். லெய்சா அதைச் சர்க்கரைப் பொட்டலத் தாளில் எழுதிக்கொண்டாள். கடையைப் பூட்டினாள். பாலத்துக்குக் கீழே இருக்கும் வீட்டுக்குப் போனாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. ரிட்கெலினில் இட்ரிஸ் லூயிஸ் இரண்டு பேர். ஒருவர் பால் லூயிஸ். மாடுகள் வைத்து ஊருக்குப் பால் ஊற்றுகிறார், செவ்வாய்க்கிழமை காலையில் வேனை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போவார். இன்னொருவர் ரோட்டு லூயிஸ், என் கணவர். பாலத்திலிருந்து, மேய்ச்சல் மலை தொடங்கும் இடத்தில் இருக்கும் மலைக் கதவு வரை நாலு மைல் ரோடு அவர் பொறுப்பு. வாய்க்கால் தூர்வாருவது, ஓரத்துப் புல்லை அரிவாளால் சீவுவது, பனி உறைந்தால் மணல் போடுவது. இருபத்தாறு வருடத்தில் வார நாளில் அவர் விடுப்பு எடுத்தது அன்று ஒருநாள்தான். நான் தவிர யாருக்கும் அது தெரியாது. டவுனில் ஒரு இட்ரிஸ் லூயிஸ் செத்தால் அது பால் லூயிஸாகத்தான் இருக்க வேண்டும்.

பால் லூயிஸின் மனைவி டெக்வென் கதறினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். திரைகளை இழுத்து மூடினார்கள், கடிகாரத்தை நிறுத்தினார்கள், பெரிய கெட்டிலை அடுப்பில் வைத்தார்கள். பதினொன்று நாற்பதுக்குப் பால் லூயிஸ் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, இருட்டில் நின்ற ஆறு பெண்களைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டாராம்:

"யாரு போய்ட்டாங்க?"

"நீங்கதான்," என்றாளாம் லெய்சா.

பிற்பாடு இதை ஊரே சொல்லிச் சிரித்தது. என் முன்னால் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இட்ரிஸ் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கதையை அவரே மலைக் கதவு வரை கொண்டுபோய் வந்திருப்பார்.

லெய்சாவும் டெக்வெனும் சேர்ந்துதான் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நான் சூப்புக்கு லீக் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். டெக்வெனின் முகம் அழுது வீங்கியிருந்தது. அதைப் பார்த்து, அவள் வீட்டில்தான் ஏதோ என்று நினைத்து, நான் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டேன்.

"உக்காரு டெக்வென். என்ன ஆச்சு?"

அவள் உட்காரவில்லை. "நீ உக்காரு லினெட்," என்றாள்.

*

இட்ரிஸ் பதின்மூன்று வயதோடு பள்ளியை விட்டவர். நான் ஆசிரியர் கல்லூரியில் படித்துவிட்டு ரிட்கெலின் பள்ளிக்கு வேலைக்கு வந்தவள். கல்யாணமான பெண்ணை அப்போது பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வேலை போயிற்று, பட்டப்பெயர் மட்டும் நின்றது. ஊர் இன்னும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. வேறு வழியும் இல்லை. லூயிஸம்மா என்றால் டெக்வெனும் திரும்பிப் பார்ப்பாள்.

நாற்பத்தொரு வீடு இருக்கும் எங்கள் ஊரில் குடும்பப் பெயர்கள் எட்டே எட்டு. பழைய காலத்தில் அந்த எட்டும் கிடையாது. ஒருவனுக்கு அப்பன் பெயரைச் சொன்னால் போதும். அதிலும் குழப்பம் வந்தால் பாட்டன் பெயர். பிறகு கோர்ட்டும் வரிக்காரனும் வந்து, ஒரே பெயராகச் சொல்லு, அதையே உன் பிள்ளையும் சொல்லட்டும் என்றார்கள். அன்றைக்கு யாருக்கு அப்பன் பெயர் என்னவாக இருந்ததோ அது அப்படியே உறைந்துவிட்டது. லெவெலின் என்பவனின் பிள்ளைகள் கோர்ட்டு எழுத்தர் கையில் லூயிஸ் ஆனார்கள். லெவெலின் எங்கள் மண்ணின் பெயர். எங்கள் அரசர்கள் வைத்துக்கொண்ட பெயர்.

ஆனால் லூயிஸ் என்ற பெயருக்கு இன்னொரு வாசலும் உண்டு. மலையில் ஈயச் சுரங்கம் தோண்ட ஒரு காலத்தில் ஜெர்மன்காரர்களைக் கூட்டிவந்தார்கள். அதில் லுட்விக் என்று ஒருவன் இங்கேயே தங்கி இங்கேயே பெண் கட்டினான். அவன் பிள்ளைகளும் லூயிஸ்தான். பதிவேட்டை இலத்தீனில் எழுதிய பாதிரியார் லெவெலினையும் லுட்விக்கையும் ஒரே பெயருக்குள் போட்டுவிட்டார். இரண்டு ஓடை ஒரு குட்டையில் விழுந்த மாதிரி.

ஊரில் இரண்டு லூயிஸ் குடும்பம். எங்கள் வீட்டில் கேட்டால் பால் வீட்டார்தான் ஜெர்மன்காரர்கள். பால் வீட்டில் கேட்டால் நாங்கள். லுட்விக்கை யாரும் தங்கள் வீட்டுக்குள் விடவில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. பால் அவர்களிடம்தான் வாங்கினோம். அவர்கள் வீட்டு வாசல் வரை இட்ரிஸ்தான் மணல் போட்டார். ஆனால் ஒரு வீட்டுச் சாவில் மற்ற வீட்டார் முதல் தோள் கொடுத்ததில்லை.

முதல் தோள் என்பது எங்கள் சபை வழக்கம். பெட்டி வீட்டுக்குள்ளிருந்து கிளம்பி வாசலைத் தாண்டி ரோட்டைத் தொடும் வரை அதே பெயர்க்காரர்கள், அதே ரத்தத்தில் வந்தவர்கள், நாலு பேர் தூக்க வேண்டும். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தார் மாற்றி மாற்றித் தூக்குவார்கள். பாலத்தில் ஒரு மாற்று, ஓக் மரத்தில் ஒரு மாற்று, ஜெபக்கூடத்துப் படியில் ஒரு மாற்று. பெயர்க்காரர்கள் இல்லையென்றால் சவப்பெட்டி செய்யும் தச்சர் எலிஸ் டவுனிலிருந்து கூலிக்கு ஆள் கூட்டிவருவார். மனைவியின் அண்ணன் தம்பி கணக்கில் வராது. எனக்கும் ஒரு அண்ணன்தான், அவரும் மூச்சிரைப்புக்காரர்.

பத்து வருடத்துக்கு முன்னால் மலைப் பக்கத்தில் தனியாக இருந்த ஒரு கிழவரைக் கூலியாட்கள் தூக்கிப் போனார்கள். அன்று இட்ரிஸ் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றியபடியே சொன்னார்:

"பீரோவைத் தூக்கிட்டுப் போற மாதிரி தூக்கிட்டுப் போனாங்க லினெட். திரும்புற எடத்துல ஒருத்தன், 'உன் பக்கம், உன் பக்கம் தள்ளு'ன்னு கத்துறான்."

அதன் பிறகு எந்தச் சாவுக்குப் போய் வந்தாலும் யார் தூக்கினார்கள் என்றுதான் முதலில் சொல்வார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இட்ரிஸின் தம்பி கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. லிவர்பூலில் ஒரு பெரியப்பா மகன் இருக்கிறார், எண்பத்தொரு வயது, இரண்டு தடியில் நடக்கிறார்.

*

அவர் பதிவேடுகளைத் தேடத் தொடங்கியது இதற்காக இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தில், ஜெர்மன்காரர்களோடு சண்டை நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இருந்த கப்பலை ஜெர்மன்காரர்கள் மூழ்கடித்தார்கள். மறுநாள் காலையில் பால் வீட்டின் நாலு ஜன்னலும் உடைந்து கிடந்தன. சுவரில் தாரால் எழுதியிருந்தது. என்ன எழுதியிருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இட்ரிஸுக்கு அப்போது பதினைந்து வயது. வேலைக்குப் போகும் வழியில் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார். வீட்டில் அவருடைய அப்பா கையில் துணி சுற்றிக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை. அப்பா சாகும்வரை பேசவில்லை.

நாற்பது வயதுக்கு மேல் ஒரு சனிக்கிழமை இட்ரிஸ் பஸ் ஏறி டவுனில் பழைய பதிவேடுகள் வைத்திருக்கும் அறைக்குப் போனார். அங்கே இருந்தவர் அவருடைய பூட்ஸைப் பார்த்துவிட்டு, இலத்தீன் தெரியுமா என்று கேட்டாராம்.

"தெரியாது. வீட்ல தெரிஞ்சவங்க இருக்காங்க," என்று சொல்லியிருக்கிறார்.

இலத்தீன் கொஞ்சம் தெரிந்தவள் நான். அவர் அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் படம் வரைவது போல வரைந்து வருவார். அர்த்தம் தெரியாது. மேலே ஏறிய கோடு, கீழே இறங்கிய வால், மைக்கறை, புழு தின்ற ஓட்டை, எல்லாவற்றையும் அப்படியே வரைவார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தாளை என் தட்டருகே வைப்பார். நான் படித்துச் சொல்வேன். மாதம் ஒரு சனிக்கிழமை, பதினாறு வருடம். அவர் வரைந்த எதையும் நான் படிக்க முடியாமல் போனதில்லை. ரோட்டில் கல் அடுக்கும் கை அது, அவசரப்படாது.

இந்த ஜனவரியில் கொண்டுவந்த தாளை நான் இரண்டு தடவை படித்தேன்.

"என்ன, புழு தின்ன எடமா?" என்று கேட்டார்.

"இல்ல. நல்லாத்தான் இருக்கு. இட்ரிஸ், உன் ஆளு லெவெலின் இல்ல."

"பின்ன யாரு?"

"லுட்விக். சுரங்கத்து ஆளுன்னு போட்டிருக்கு. அந்நியன்னும் போட்டிருக்கு. அவன் மகன்லேருந்துதான் உங்க கோடு எறங்குது."

"பால் வீடு?"

"அவங்க லெவெலின். போன வருஷமே நீ வரைஞ்சிட்ட. நாமதான் சேத்துப் பாக்கல."

அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"அப்ப ஜன்னலை ஒடைச்சவன் ஜெர்மன்காரன்."

"ஆமா."

"ஒடைபட்டது லெவெலின் வீடு."

"அப்படித்தான் தெரியுது."

"உருளைக்கிழங்கு இன்னும் இருக்கா?" என்றார்.

அன்று படுக்கும் முன்னால், பால் லூயிஸிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். எப்போது என்று கேட்டேன். வெறுங்கையோடு போக முடியாது என்றார். ஒரு விஷயம் அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது. லுட்விக்கின் பேத்தி கட்ரின் என்பவளை லெவெலின் வீட்டுப் பையன் கட்டிக்கொண்டதாக ஒரு குறிப்பு இன்னொரு புத்தகத்தில் இருந்தது, பாதி அழிந்து. அந்தக் கல்யாணம் நடந்திருந்தால் இரண்டு வீடும் ஒரே ரத்தம். நடக்கவில்லையென்றால் இரண்டு வீட்டுக்கும் பெயரைத் தவிர ஒன்றும் பொது இல்லை. கல்யாணப் பதிவேட்டில் பார்த்தால் தெரிந்துவிடும்.

அந்தப் பதிவேடு தையல் விட்டுப் போயிருந்தது. புதன்கிழமை அதைத் தைக்க லண்டனுக்கு அனுப்புகிறார்கள், ஆறு மாதம் ஆகும் என்று அந்த அறையிலிருந்து கடிதம் வந்தது. அதனால்தான் செவ்வாய்க்கிழமை விடுப்பு.

காலை ஏழரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ரொட்டியும் சீஸும் கட்டிக் கொடுத்தேன். மழைக் கோட்டு வேண்டாம் என்றார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

*

புதன்கிழமை மத்தியானம் எலிஸின் வண்டியில் அவர் வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு காகிதப் பையில் துணிகள். ரொட்டி பிரிக்காமல் இருந்தது. கோட்டின் உள் பையில் பென்சிலும் நாலாய் மடித்த தாளும். தாளில் மேலே வருடம், பிறகு மூன்று சொற்கள் வரைந்திருந்தார். அதே நாளில் மணந்தனர். அந்தப் பாதிரியாரின் வழக்கம் அப்படித்தான், இந்த மூன்று சொல்லுக்குப் பிறகுதான் பெயர்களை எழுதுவார். பெயர்கள் இல்லை. மூன்றாவது சொல்லின் கடைசி எழுத்துக்கு வால் முழுதாக இருந்தது.

பதிவேட்டு அறைக்காரர் லெய்சாவின் கடைக்குத் தொலைபேசி செய்து விசாரித்தார். இட்ரிஸ் எந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்கச் சொன்னேன். அவர் மேசையில் சாய்ந்தபோது புத்தகம் விழுந்து மூடிக்கொண்டது, புதன்கிழமை காலையிலேயே கட்டி அனுப்பியாகிவிட்டது என்று பதில் வந்தது. வருடம் எழுதியிருக்கிறதே என்றேன். அந்த வருடத்துக்கு ஒன்பது கல்யாணங்கள் இருக்கும், செப்டம்பரில் வாருங்கள் என்றாராம்.

எலிஸ் பெட்டியை இறக்கி வைத்து, வாசல் நிலையை அளந்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை ஒரு மணி. சரியா டீச்சர்?"

"சரி."

"முதல் தோள்…" என்று சொல்லிவிட்டுத் தன் அளவுநாடாவைச் சுருட்டினார். "டவுன்ல நாலு பசங்க இருக்காங்க. நல்ல பசங்கதான். ஒழுங்கா சூட்டு போட்டுட்டு வருவாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க."

"சொல்றேன்."

"நான் சும்மா தூக்கலாம்னுதான் பாத்தேன். ஆனா என் பேரு எலிஸ். சபை மூப்பருங்க ஒத்துக்க மாட்டாங்க."

அன்று சாயங்காலம் பால் லூயிஸும் டெக்வெனும் வந்தார்கள். பால் லூயிஸ் பெட்டியருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். தன் பெயரைப் பித்தளைத் தகட்டில் படித்திருப்பார். பிறகு சமையலறைக்கு வந்தார். டெக்வென் பழ ரொட்டி கொண்டுவந்திருந்தாள். அவளே அறுத்தாள், அவளே வெண்ணெய் தடவினாள், யாரும் சாப்பிடவில்லை.

"ஒண்ணு சொல்லணும் லினெட்," என்றாள். கத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நேத்து இவரு உள்ள வந்தப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அப்படியே உன் வீட்டுக்கு வந்துட்டேன். மூஞ்சில கண்ணீர் காயல, உள்ள சந்தோஷம். மன்னிச்சுக்கோ."

"அதுல என்ன இருக்கு," என்றேன்.

"இருக்கு. நேத்துலேருந்து இவரத் தொட்டுத் தொட்டுப் பாக்கிறேன். இவருக்கே எரிச்சலா வருது."

"மாட்டைத் தடவுற மாதிரி தடவுறா," என்றார் பால் லூயிஸ். பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், அவரு டவுனுக்கு எதுக்குப் போனாரு? ஆளுக்கொண்ணு சொல்றாங்க. டாக்டரப் பாக்கப் போனாருன்னு லெய்சா சொல்றா."

"பதிவேடு பாக்க."

"இன்னுமா அதை விடல?"

"விடல."

"என்ன கெடைச்சுது? நேராச் சொல்லுங்க."

எனக்கு அது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ரொட்டிக் கணக்கு சொல்வது போல வந்தது.

"நாங்கதான் ஜெர்மன்காரங்க. நீங்க லெவெலின் வீடு."

அடுப்பில் கரி சரிந்தது. பால் லூயிஸ் தொப்பியை மடியில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எங்கப்பா சாகுற வரைக்கும் மேல் ஜன்னல்ல பலகைதான் அடிச்சிருந்தாரு," என்றார். "கண்ணாடி போட மாட்டேன்னுட்டாரு. பாக்கட்டும்னு."

"தெரியும். இட்ரிஸ் தினம் அந்த வழியாத்தான் போனாரு."

"அவங்கப்பாதானே ஒடைச்சாரு?"

"ஆமா."

"எனக்கும் தெரியும். ஊருக்கே தெரியும்." அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை, மூக்கால் ஒரு சத்தம் வந்தது. "அப்ப நாம ஒருத்தருக்கொருத்தர் ஒண்ணும் இல்ல."

எலிஸ் மறுநாள் சாயங்காலத்துக்குள் சொல்லச் சொன்னது எனக்கு நினைவிருந்தது. இவர்கள் வீட்டில் ஆண்கள் நாலு பேர், இவரும் மூன்று மகன்களும். ஆமாம், அந்தக் கல்யாணத்தை இட்ரிஸ் கண்டுபிடித்துவிட்டார், நாம் ஒரே ரத்தம் என்று நான் சொன்னால் போதும். சரிபார்க்க யாராலும் முடியாது. சரிபார்க்கக்கூடிய புத்தகம் லண்டனில் இருந்தது. இலத்தீன் படிக்கத் தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். பதினாறு வருடமாக நான் படித்துச் சொன்னதைத்தான் இட்ரிஸும் நம்பினார்.

எழுந்து போய்த் தாளை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். கட்ரின் என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னேன். மூன்று சொற்களையும் விரல் வைத்துப் படித்தேன்.

"யாரு யாரை மணந்தாங்கன்னு எழுதல," என்றேன். "எழுதறதுக்கு முன்னாடி போய்ட்டாரு. இருந்தாலும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

பால் லூயிஸ் தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதையெல்லாம் வரைஞ்சாரா? படிக்கத் தெரியாமயே?"

"ஆமா."

"சரியான கிறுக்கு," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். தாளை மடித்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் கொடுத்தார். "வா டெக்வென். மாடு காத்துட்டிருக்கும்."

வியாழக்கிழமை சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டு எலிஸுக்கு ஆள் அனுப்பி, டவுன் பையன்களை வரச் சொல்லிவிட்டேன்.

*

வெள்ளிக்கிழமை மழை இல்லை. பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. வீட்டில் இருந்து மேசை போட வேண்டும். நான் முன்னறை ஜன்னலில் திரையை ஒரு கை அகலம் விலக்கி நின்றேன்.

வெளியே அறுபது எழுபது ஆண்கள் கறுப்பில் நின்றார்கள். ரோட்டுக்குக் கீழ்ப்பக்கம் டவுன் பையன்கள் நாலு பேர், எலிஸ் சொன்ன மாதிரியே ஒழுங்கான சூட்டில். ஒருவனுக்குக் கோட்டின் கை நீளம் போதவில்லை. போதகர் பாரி வாசற்படியில் நின்று பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தார். பிறகு ஆண்கள் நாலு குரலில் பாடினார்கள். சுவர் அதிர்ந்தது. என் பின்னால் கோப்பைகள் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கை நிறுத்தினார்கள். நான் சாஸர்களை எண்ணினேன்.

பாட்டு முடிந்ததும் எலிஸ் டவுன் பையன்களைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து பால் லூயிஸ் வந்தார். பின்னாலேயே மகன்கள், மெய்ரிக், இதெல், கடைசியாக க்வின். நாலு பேரும் நேராக வாசற்படிக்கு வந்தார்கள். மூத்த மூப்பர் ஒருவர் கை நீட்டி வழியில் நின்றார். ஜன்னல் திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"உங்க முறை பாலத்துலதானே?"

"தெரியாது மூப்பரே," என்றார் பால் லூயிஸ். "டீச்சருக்கே தெரியாதாம். உங்களுக்குத் தெரியுமா?"

மூப்பர் போதகரைப் பார்த்தார். போதகர் தன் புத்தகத்தைப் பார்த்தார்.

"எலிஸ், கதவத் தொற," என்றார் பால் லூயிஸ்.

அவர்கள் உள்ளே வந்தார்கள். நான்கு பேரும் நாலு உயரம். க்வின் எல்லோரையும்விட ஒரு சாண் கூட. பால் லூயிஸ் தொப்பியை மடித்துத் தோளில் வைத்து உயரத்தைச் சரிக்கட்டிக்கொண்டார். தூக்கும்போது பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்தது. யாரும் கத்தவில்லை. வாசல் கதவின் நிலை தாழ்வு என்பதால் நாலு பேரும் ஒன்றாக முழங்கால் மடக்கிக் கடந்தார்கள். பிறகு படி, பிறகு சரளை, பிறகு ரோடு. ரோட்டைத் தொட்டதும் நின்றிருக்க வேண்டும். அவர்கள் நிற்கவில்லை. பாலம் வரைக்கும் அவர்களேதான் கொண்டுபோனார்கள் என்று பிறகு எலிஸ் சொன்னார். எனக்குத் திருப்பம் வரைக்கும்தான் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற டெக்வென், "இதெலுக்கு முதுகு வலி. சொன்னாலும் கேக்க மாட்டான்," என்றாள். பிறகு, "ஹாமை நறுக்கட்டுமா?" என்று கேட்டாள். நறுக்கு என்றேன்.

டவுன் பையன்களுக்கும் மேசையில் எல்லாம் கிடைத்தது. இரண்டு தடவை டீ கேட்டு வாங்கிக் குடித்தார்கள். நல்ல பையன்கள்தான்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு சபைச் செயலர் ஹோப்கின் வந்தார். வாரப் பத்திரிகைக்குச் சாவுச் செய்தி எழுதி அனுப்புவது அவர் வேலை. பேனாவால் அழகாகக் கோடு போட்ட ஒரு தாளைத் தந்தார். மேலே இட்ரிஸின் பெயர், அடைப்புக்குள் ரோட்டு லூயிஸ், நாலு மைல் ரோட்டை இருபத்தாறு வருடம் பார்த்துக்கொண்டவர் என்று ஒரு வரி. கீழே இரண்டு பத்தி. இடது பத்தியின் தலையில் உறவினர். வலது பத்தியின் தலையில் அக்கம்பக்கத்தார்.

"தூக்கினவங்க பேரையெல்லாம் நீங்களே போட்டுருங்க டீச்சர்," என்றார். "எனக்கு எங்க போடறதுன்னு தெரியல. தப்பாப் போட்டா ரெண்டு வீட்டுலயும் சண்டைக்கு வருவாங்க."

"எங்க வீட்டுல இனிமே யாரு இருக்கா," என்றேன்.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமைக்குள் கொடுத்தால் வியாழக்கிழமை பத்திரிகையில் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலையில் பால் கொண்டுவந்து வைத்தபோது பால் லூயிஸிடமே கேட்டேன். எந்தப் பத்தியில் போடட்டும் என்று.

"ஒரு பைன்ட்டா, ரெண்டா?" என்றார்.

"ஒண்ணு போதும்."

புட்டியை வைத்தார். பழைய புட்டியை எடுத்துக்கொண்டார். "நீங்கதானே படிச்சவங்க," என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

அதன்பின் இரண்டு வியாழக்கிழமைகள் போய்விட்டன. இடது பத்தியில் லிவர்பூல் பெரியப்பா மகனின் பெயரை எழுதியிருக்கிறேன். வலது பத்தியில் பாலத்திலிருந்து ஓக் மரம் வரை தூக்கிய நாலு பேர், ஓக் மரத்திலிருந்து படி வரை நாலு பேர், படியிலிருந்து குழி வரை நாலு பேர், ஆகப் பன்னிரண்டு பெயர்கள். வாசலிலிருந்து பாலம் வரை தூக்கிய நாலு பெயர்களை இன்னும் எழுதவில்லை.